எட்டடியா பத்தடியா

வாங்க, வாங்க. செருப்போடவே வாங்க, ஷெட்டுதானுங்களே. பிக்கப் வண்டி அந்தக் கடைசியில நிக்குதுங்க, படுதா போட்டு மூடியிருக்குது பாருங்க, அதுதான். சித்த இருங்க, படுதாவை அப்புறம் எடுக்கலாம். மொதல்ல ஒண்ணு கேக்கோணும். போன்ல பேசறப்ப அர்த்தநாரி சொல்லித்தான் வர்றேன்னீங்க. எந்த அர்த்தநாரிங்க? இந்தூர்ச் சாமி பேரே அதுதானுங்க, தெருவுக்கு நாலு அர்த்தநாரி இருக்கறாங்க. லாரி எடைமேடையில உக்காந்து இடது கையால சீட்டு எழுதறவனுங்களா?

அவனேதானா. சரி. உக்காருங்க.

அவன் எதுக்குங்க எனக்கு ஆள் புடிச்சு அனுப்பறான்? நாலு மாசமா இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கலை. ஒரு போன் இல்லை. வண்டியை விக்கப் போறேன்னு நான் அவங்கிட்டச் சொல்லவும் இல்லை. அப்ப யாரு சொன்னாங்க? உங்ககிட்டக் கமிசன் கேட்டானுங்களா? வேண்டாம்னு சொல்லிட்டானா? பாத்தீங்களா, அதுதானுங்க எனக்கு இடிக்குது. கேட்டிருந்தான்னா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.

பாவாயி, ரெண்டு டீ. எம்பட வீட்டுக்காரிங்க. ஷெட்டுக்குப் பின்னாடியே வீடு.

நான் சென்னியப்பன். போர்டுல பாத்திருப்பீங்க. கல்யாணம், பொண்ணு பெரியவளானா தெரட்டி சீர், காதுகுத்து, கோயில் நோம்பி, எதுக்கானாலும் சீரியல் செட்டு, டியூப் லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் நம்மளுதுதானுங்க. ஜெனரேட்டர்னா தூக்கி வெக்கற சின்னது இல்லைங்க. ரெண்டு சக்கரத்து மேல இரும்புக் கூண்டு கட்டி நிக்கும், முன்னாடி மாட்டு வண்டிக்கு இருக்கற மாதிரி ஏர்க்கால் நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த ஏர்க்காலைக் கொண்டுபோயி பிக்கப்போட பின்கொக்கியில மாட்டி இழுத்துக்கிட்டுப் போகோணும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் சிமெண்டுக் கலவை மிஷினை இழுக்கறதுக்குத்தானே வண்டி தேடறீங்க. அதுவும் இதே கதைதானுங்க.

இந்த அர்த்தநாரி எங்கிட்டப் பதினாறு வருசம் வண்டி ஓட்டுனான். கெட்டவன்னு சொல்ல மாட்டேன். நல்லவன்னும் சொல்ல மாட்டேன், ஏன்னா எனக்கு இன்னும் தெரியலை. டீசல் டேங்குக்குள்ள விட்டு அளக்கறதுக்கு ஒரு மூங்கில் குச்சி வெச்சிருக்கறேனுங்க, ஆணியால கோடு கீறினது. ஜெனரேட்டர் கெளம்பறப்ப ஒரு தரம் விட்டுப் பாப்பேன், திரும்பி வந்ததும் ஒரு தரம் விட்டுப் பாப்பேன். எத்தனை மணி நேரம் ஓடுச்சோ அதுக்குத் தக்கன டீசல் எறங்கியிருக்கோணும். இந்தத் தொழில்ல எல்லாரும் பாக்கறதுதானுங்க. மத்த டிரைவருங்க குச்சியைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. இவன் என்ன பண்ணுவான் தெரியுங்களா? வண்டியை நிறுத்துனதும் அவனே குச்சியை எடுத்துத் துடைச்சு எங்கையில குடுப்பான். பதினாறு வருசத்துல ஒரு தரம்கூடக் கோடு தப்பலை. ஒரு மனுசன் அப்பப்ப அரை லிட்டர் எடுத்தான்னு வெச்சுக்குங்க, சரி, இவன் இவ்வளவுதான்னு விட்டுரலாம். ஒண்ணுமே எடுக்காதவனை எப்படிங்க நம்பறது? பெருசா எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கறான்னுதான் எனக்குத் தோணும். பதினாறு வருசமும் அப்படித்தான் தோணிக்கிட்டே இருந்துச்சு.

போன வருசம் பழைய பிக்கப் எப்.சி.க்குப் போயி நின்னுக்கிச்சு. அடிச்சட்டம் துருப்புடிச்சுப் போச்சு, இனி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. சரி, புதுசு எடுக்கலாம்னு முடிவு பண்ணுனேன். பழசுக்குச் சாமான் ஏத்தற பாடி எட்டடி நீளம். இப்ப அதே வண்டியில பத்தடிப் பாடியும் வருது. எட்டடியில ஒயரு, கம்பம், செட்டு எல்லாம் ஏத்துனா கம்பம் பின்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும், செவப்புத் துணி கட்டோணும், பாதிச் சாமானுக்கு மறுக்கா ஒரு நடை வரோணும். பத்தடின்னா ஒட்டுக்கா உள்ள போயிரும். ஒரே நடை. இதுல யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது? ஆனாலும் நாலு பேர்த்தை ஒரு வார்த்தை கேப்பமேன்னு கேட்டேன். கேட்டதுதான் வினை.

மொதல்ல அர்த்தநாரி. எட்டடியே எடுங்க மொதலாளின்னான். ஏன்டான்னேன். பத்தடிப் பாடி பின்சக்கரத்தைத் தாண்டி வெகு தூரம் நீட்டிக்கிட்டு நிக்குமாம், கொக்கி பாடிக்கு அடியில உள்ள போயிருமாம், நம்ம ஏர்க்கால் குட்டையாம், திருப்பறப்ப பாடி மூலை கூண்டுல போயி இடிக்குமாம், பின்னாடி நிக்கற ஆளு கண்ணாடியில தெரியவே மாட்டானாம். ஒரு கையைப் பிக்கப்பாவும் ஒரு கையை ஜெனரேட்டராவும் வெச்சு மடக்கி மடக்கிக் காட்டுனான். வண்டி எடுக்கறவன் நான். ஓட்டறவனுக்கு எதுக்குங்க இத்தனை அக்கறை? யோசிச்சுப் பாத்தேன். எட்டடின்னா ரெண்டு நடை, ரெண்டு நடைன்னா ரெண்டு பேட்டா. அதுதான் விசயம்னு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டேன்.

அப்புறம் ஷோரூமுக்குப் போனேன். டை கட்டுன ஆளு ஒருத்தரு, என்ன சார் ஏத்துவீங்க, என்ன சார் இழுப்பீங்கன்னு தோண்டித் தோண்டிக் கேட்டாரு. ஜெனரேட்டர்னதும், உங்களுக்கு எட்டடியே போதும் சார்ங்கறாரு. ஏனுங்க, வெலை கம்மியானதை எடுத்துக்கோன்னு எந்த ஊர்லயாவது வியாபாரி சொல்லுவானா? வெளியில எட்டிப் பாத்தேன். எட்டடி வண்டி ரெண்டு வெயில்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு, டயரைச் சுத்திப் புல்லு மொளைச்சு. விக்காததை எந்தலையில கட்டப் பாக்கறாருன்னு புரிஞ்சு போச்சு.

அடுத்து குப்புராஜ் பட்டறை. அவன் டேப்பை எடுத்துக்கிட்டு நம்ம ஷெட்டுக்கே வந்து ஜெனரேட்டரை அளந்தான். எட்டடின்னா அப்படியே மாட்டலாம், பத்தடி வேணும்னா ஏர்க்காலை ஒண்ணரை அடி நீட்டி வெல்டிங் வெக்கோணும், வெக்காம இழுத்தா வம்புன்னான். வெல்டிங் யாரு வெப்பாங்க? அவன்தான் வெப்பான். வேலை அவனுக்கு, வம்பு எனக்கா?

கடைசியா கொழந்தசாமி. அவனும் நம்மளாட்ட ஜெனரேட்டர் வாடகைக்கு விடறவன்தான், பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம். ஒரு கல்யாணத்துல பந்தியில பக்கத்து எலையில உக்காந்தான். அவங்கிட்டயும் பேச்சு வந்துச்சு. இழுக்கறதுக்குன்னா எட்டடிதான் மாமான்னான். எனக்கு அங்கதானுங்க எல்லாம் வெளங்குச்சு. போட்டிக்காரன் எனக்கு நல்லது சொல்லுவானா? அவன் எட்டடின்னு சொன்னா நான் எடுக்க வேண்டியது பத்தடி. பாயசத்தை ஊத்தறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்.

நாலு பேரு ஒரே மாதிரி சொன்னா அது உண்மையா இருக்கும்னு நீங்க நெனப்பீங்க. நீங்க வெள்ளந்தி, மூஞ்சியிலயே தெரியுது. எனக்கு அந்த நாலு பேரும் எங்கயோ ஒண்ணா உக்காந்து பேசி வெச்ச மாதிரி இருந்துச்சு. பத்தடியே எடுத்தேன். ஏர்க்காலையும் நீட்டலை.

எடுத்த அன்னிக்கு அர்த்தநாரி வண்டியைச் சுத்தி வந்தான். குனிஞ்சு கொக்கியைப் பாத்தான். எலுமிச்சம்பழம் வெச்சு ஓட்டிட்டு வந்து நிறுத்துனான். ஒரு வார்த்தை பேசலை. அன்னிக்கே சொன்னனேன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நாலு ஏச்சு ஏசியிருப்பேன், முடிஞ்சு போயிருக்கும். பேசாமயே இருந்தான். ஆனா ஒவ்வொரு திருப்பத்துலயும் வண்டியை நிறுத்திப் போட்டு எறங்கிப் போயிப் பின்னாடி பாப்பான். மறுபடி ஏறுவான், ஒரு முழம் நகத்துவான், மறுபடி எறங்குவான். மொதல்ல அஞ்சு நிமிசத்துல ஜெனரேட்டரை எடத்துல நிறுத்தறவன், இப்ப அரை மணி நேரம் ஆக்குவான். ஒரு நாள் கூண்டுல இடிச்சு ஒரு சொட்டை விழுந்துருச்சு. அவனே கூப்புட்டுக் காட்டுனான். நான் என்னங்க நெனைப்பேன்? வேணும்னே இடிச்சிருக்கறான், அவன் சொன்னது சரின்னு எனக்குக் காட்டறதுக்குத்தான்னு நெனைச்சேன்.

அப்புறம் தை மாசம் ஒரு தெரட்டி சீர். மண்டபம் ஒரு சந்துக்குள்ள. காலைல ஒம்பது மணி, சீர்த்தட்டு வரிசையா வந்துக்கிட்டு இருக்குது, பொம்பளைங்க பூராம் சந்துல நிக்கறாங்க. ஜெனரேட்டரை மண்டபத்துக்குப் பின்னாடி கொண்டு போயி நிறுத்தோணும், பின்னாலயே தள்ளிக்கிட்டுப் போகோணும். இவன் எறங்கறதும் ஏறறதுமா இருக்கறான். பொண்ணோட தாய்மாமன் வந்து, ஏனுங்க சென்னியப்பண்ணா, புது வண்டி ஓட்டத் தெரியாத டிரைவரை வெச்சிருக்கறீங்களான்னு கேட்டுப் போட்டாரு. அத்தனை சனத்துக்கு முன்னாடி. எனக்கு மானம் போன மாதிரி ஆயிப் போச்சுங்க.

அப்ப அர்த்தநாரி எறங்கிப் பின்னாடி போனான். வண்டி பின்னாடி உருண்டுருச்சு. சக்கரத்துக்குக் கட்டை வெக்கலை. பாடி மூலைக்கும் கூண்டுக்கும் நடுவுல அவனோட வலது கை மாட்டிக்கிச்சு. ஆள்காட்டி வெரலும் நடுவெரலும் போச்சு. அவ்வளவுதானுங்க நடந்தது. ஆசுபத்திரியிலயும் அப்படித்தான் எழுதியிருக்குது. நாந்தான் கட்டை வெக்காம எறங்கிட்டேன், வண்டி உருண்டுருச்சுன்னு அவனே டாக்டருகிட்டச் சொன்னான். விசாரிக்க வந்த போலீஸ்காரருகிட்டயும் அதையேதான் சொன்னான். நான் பக்கத்துலயேதான் நின்னேன். நான் எதுவும் சொல்லிக் குடுக்கலைங்க. அவனாத்தான் சொன்னான்.

டீ எடுத்துக்குங்க. பாத்தீங்களா, எம்பட வீட்டுக்காரி டம்ளரை வெச்சதும் உங்ககிட்ட மொதல்ல கேக்கறது அர்த்தநாரி கை வலி கொறைஞ்சுதான்னு. வண்டியைப் பாத்தீங்களா, புடிச்சுதான்னு கேக்க மாட்டா. முறுக்குச் சுட்டாலும் சரி, பணியாரம் ஊத்துனாலும் சரி, ஒரு தூக்குப் போசி அவன் வீட்டுக்குப் போயிரும், எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கறா. அன்னிக்கு நான் ஆசுபத்திரியில இருந்து வந்ததும் வண்டியை யாரு ஓட்டுனதுன்னு ஒரே ஒரு தரம் கேட்டா. அர்த்தநாரி சொன்னதைச் சொன்னேன். சரின்னுட்டு சோறு வடிக்கப் போயிட்டா. அதுக்கப்புறம் கேக்கவே இல்லை. அதுவும் எனக்குச் சரியாப் படலை.

நீ உள்ள போ பாவாயி. நாங்க பேசிக்கறோம். போகலையா? சரி, நில்லு.

அவன் ஏன் அப்படிச் சொன்னான்னு நாலு மாசமா எனக்கு ஓடிக்கிட்டே இருக்குதுங்க. எந்த மனுசனும் காரணம் இல்லாம ஒண்ணைச் செய்ய மாட்டான். மொதல்ல வந்து கேப்பான்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஆசுபத்திரிச் செலவு நாந்தான் பாத்தேன், அது போக வேற ஏதாச்சும் கேப்பான்னு. வீடு கட்டறதுக்குக் கேப்பான், புள்ளைங்க படிப்புக்குக் கேப்பான்னு. கேக்கலை. சரி, வக்கீலைப் பாத்துக்கிட்டு இருக்கறானோன்னு விசாரிச்சேன். இல்லைன்னாங்க. கொழந்தசாமிகிட்ட வேலைக்குச் சேந்து எந்தொழிலைக் கெடுப்பானோன்னு பாத்தேன். எடைமேடையில போயி உக்காந்துக்கிட்டான். ஸ்டியரிங்கு புடிச்ச கை, இனிப் புடிக்காதாம். இடது கையால எழுதிப் பழகுனானாம், மொதல் மாசம் பூராம் சீட்டுல எழுத்து கோணல் மாணலாத்தான் இருந்துச்சாம். எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? அந்த வழியா ரெண்டு மூணு தரம் போனேன். நிக்கலை. போனேன்.

ஒண்ணுமே கேக்காத மனுசனை என்னங்க பண்றது? ராத்திரியும் பகலும் அவன் என்னமோ கேக்கற மாதிரியே இருக்குது.

இப்ப நீங்க வந்திருக்கறீங்க. உண்மையைச் சொல்லுங்க, அவன் என்ன சொல்லி அனுப்பிச்சான்? வண்டியைப் பத்தி என்னென்ன சொன்னான்? ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க.

வண்டி எஞ்சின் சுத்தமா இருக்குது, சரி. நாந்தான் ஓட்டுனேன், வேற ஆளு கை படலைன்னானா. ம். அப்புறம்? கலவை மிஷின் இழுக்கறதுக்கு ஆகுமான்னு நீங்க அவங்கிட்டக் கேட்டீங்களா? கேட்டதுக்கு அவன் என்ன சொன்னான்?

மறுக்கா சொல்லுங்க. இவளும் கேக்கட்டும்.

'அதை மொதலாளியையே கேளுங்க, அவரு உள்ளதைச் சொல்லுவாரு.' அப்படின்னா சொன்னான்? சிரிச்சுக்கிட்டா சொன்னான்? இல்லையா. சீட்டு எழுதிக்கிட்டே சொன்னானா.

உள்ளதைச் சொல்லுவாருன்னு சொன்னானா.

தண்ணி இருக்குதா பாவாயி? வேண்டாம், இரு, நீ இங்கயே இரு.

ஆகாதுங்க. இழுக்கறதுக்கு இந்த வண்டி ஆகாது. செங்கல்லு ஏத்துங்க, கம்பி ஏத்துங்க, ராசாவாட்ட ஓடும். பின்னாடி ஒண்ணை மாட்டாதீங்க. பாடி மூலை இடிக்கும், பின்னாடி நிக்கறவன் தெரிய மாட்டான். அவன் சொன்னது அத்தனையும் நெசமுங்க. ஷோரூம்காரரு சொன்னது, குப்புராஜ் சொன்னது, கொழந்தசாமி சொன்னது, எல்லாம் நெசம். உங்களுக்கு எட்டடிதான்.

இன்னொண்ணும் சொல்லிப் போடறேன். வண்டி உருளலைங்க. கட்டை வெக்காம அவன் எறங்கலை. நாந்தான் அவனைக் கையைப் புடிச்சுக் கீழ எறக்கி விட்டேன், நகருடா, நடிச்சது போதும்னு சொல்லி. நாந்தான் ஏறி உக்காந்தேன், அதுக்குள்ள சனம் சீர்த்தட்டோட மண்டபத்துக்குள்ள போயிருச்சு, யாரும் பாக்கலை. அவன் பின்னாடி போயி ஏர்க்காலைப் புடிச்சுத் திருப்பி விட்டுக்கிட்டே போதும் மொதலாளி, நிறுத்துங்கன்னான். எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க. ரெண்டாந்தரமும் சொன்னான். இன்னும் எடம் இருக்குது, இவன் வேணும்னே சொல்றான், பத்தடி போகாதுன்னு ஊருக்குக் காட்டறதுக்குச் சொல்றான்னு நெனைச்சேன். பொய் சொல்றான்னு நெனைச்சு வண்டியைப் பின்னாடி விட்டேன்.

அழுவாத பாவாயி. உனக்குத்தான் அப்பவே தெரியுமே. நானும் இத்தனை நாளா வெளியில சொல்லலை, இப்பத்தான் சொல்றேன். சாயங்காலம் எடைமேடைக்குப் போவோம், நீயும் வா, தனியாப் போறதுக்கு எனக்குப் பயமா இருக்குது.

ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? டீ அப்படியே இருக்குது. என்ன, சிரிக்கறீங்க? வேற பார்ட்டிக்குப் பேசி முடிச்சுப் போட்டு உங்களைத் தட்டிக் கழிக்கறேன்னா? இல்லைங்க. எவனோடயும் பேசலை. நீங்கதான் மொத ஆளு. வெலையை ஏத்தறதுக்குச் செய்யற வித்தையும் இல்லைங்க இது. எம்பட சாமானை நானே ஆகாதுன்னு சொன்னா எனக்கு என்னங்க லாபம்? அதுதான் சந்தேகமா இருக்குதுங்கறீங்களா.

சரி, விடுங்க, என்னை நம்ப வேண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. கலவை மிஷினை மாட்டறப்ப உங்க பின்னாடி நின்னு கை காட்டறது யாருங்க? தம்பியா? கூடப் பொறந்தவனா? பேரு என்னங்க?

யுவராஜா. சித்த இருங்க, போகாதீங்க. பாவாயி, அந்தக் கேட்டைச் சாத்து. உங்க காலைக்கூடப் புடிக்கறேனுங்க, யுவராஜைப் பின்னாடி நிறுத்திப் போட்டு இந்த வண்டியை எடுக்காதீங்க.